கட்டச் சொன்ன கை

ரொம்பக் காலத்துக்கு முன்னே கீழாற்று நாட்டை மகுடவேள் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒரு வருஷம் வெள்ளத்தில் எட்டு ஊர் மாடுகளும் கலந்துபோய், யார் மாடு எது என்று ஆறு மாசம் சபையில் ஒரே வழக்கு. ராஜாவுக்குத் தலையே வெடித்துவிடும் போலாயிற்று. அப்போது திரியம்பகராயர் என்ற சபைப் பெரியவர் ஒரு யோசனை சொன்னார்.

"இனி வெள்ளம் வந்தால் ஜனங்கள் மேட்டுக்குப் போகட்டும். ஆடு, மாடு, நாய் எல்லாம் முளையிலேயே இறுக்கிக் கட்டிக் கிடக்கட்டும். அவிழ்ப்பவர் தலை உருளட்டும், பிரபோ!"

ராஜாவும் தண்டோரா போட்டுவிட்டான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

அடுத்த ஐப்பசியில் ஆறு உடைத்துக்கொண்டது. ஏழு ஊர் ஜனங்கள் கட்டளைக்குப் பயந்து மாடுகளைக் கட்டிவிட்டு ஓடினார்கள். எட்டாவது ஊரில் செவந்தி என்ற மாட்டுக்காரி மட்டும் அரிவாளை எடுத்து நாற்பது கயிறுகளையும் அறுத்து, மாடுகளைக் குன்றில் ஏற்றினாள். அரண்மனைப் பசுக்களுக்குப் பிரசவம் பார்ப்பவள் அவள். ராஜா அவளை மெச்சினாலே ராயருக்கு வயிறு எரியும். விடுவாரா? உடனே பிடித்து இழுத்துவரச் செய்தார்.

"மகாராஜா, என் தலையை அப்புறம் எடுங்க. ஏழு ஊர் மாடுங்க கட்டிக் கிடக்குது. தண்ணி ஏறுது. முதல்ல ஆளனுப்புங்க!" என்று கதறினாள் செவந்தி.

"கட்டிய மாடு பத்திரமாக இருக்கும். இவளுக்கு வாய்தான் நீளம்" என்றார் ராயர்.

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படியா சாமி? இங்க கீழே குதிரை லாயத்துல இப்பத்தான் தண்ணி நுழையுது. நீங்க கழுத்துல ஒரு முழக் கயிறோட முளையில நில்லுங்க. அவிழ்க்கச் சொல்லாம நின்னுட்டா, என் தலை உங்களுக்கு!"

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். "சபாஷ்! கட்டுங்கள் ராயரை!" என்று கைதட்டினான்.

லாயத்து முளையில் ராயர் சிரித்துக்கொண்டேதான் குனிந்து நின்றார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சிரிப்பு நின்றது. தொடைக்கு வந்தது. நிமிரப் பார்த்தார், கயிறு விடவில்லை. தாடையைத் தொட்டதும், "ஐயோ, அவிழ்த்துவிடு தாயே!" என்று அலறினார்.

"அவிழ்த்தா நீங்க யாரு வீட்டு ராயருன்னு வழக்கு வருமே, சாமி?"

லாயத்துப் படியில் நின்ற ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து முளையில் அவனுடைய பட்டத்துக் குதிரை, அதே போலக் கட்டுண்டு, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு அவனையே பார்த்தது. ராஜா தடாலென்று தண்ணீரில் இறங்கினான். "அறு! எல்லாவற்றையும் அறு! ஏழு ஊருக்கும் அரிவாளோடு படகு போகட்டும்!" என்று கத்தினான்.

ராயரும் குதிரையும் பிழைத்தார்கள். படகுகள் இரண்டு ஊருக்குத்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

வெள்ளம் வடிந்ததும் ராஜா புதுத் தண்டோரா போட்டான்: ஊருக்கொரு நிறத்தில் கொம்புக்கு வர்ணம் பூச வேண்டும்; ஆறு பொங்கினால் முதலில் கயிறு அறுபட வேண்டும். பிறகு செவந்தியிடம், "என்ன வேண்டும், கேள். நிலமா, பொன்னா?" என்றான்.

"ஒண்ணும் வேணாம். அஞ்சு ஊர்லயும் செத்ததுங்க இன்னும் கட்டுலயே கிடக்குது. கட்டச் சொன்ன கை அவிழ்க்கட்டும்."

ராஜா எழுந்து நடந்தான். செவந்தி வழிகாட்ட, ராயர் தலைப்பாகை இல்லாமல் பின்னால் போனார். நனைந்த முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. ராஜாவின் நகங்கள் பிய்ந்தன. மூன்றாவது ஊரில் ஒரு கன்று. முளையைச் சுற்றிச் சுற்றி ஓடி, கயிறு முழுவதும் சுற்றிக்கொண்டு செத்திருந்தது. அதன் கழுத்தில் கை வைத்ததும் ராஜா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான்.

செவந்தி அவனைத் தேற்றவில்லை. "இன்னும் ரெண்டு ஊர் இருக்கு, மகாராஜா" என்றாள்.