சீனி இருக்கட்டும்

அந்தக் காலத்தில், ஓணானும் தவளையும் வழியில் போகிறவரை நிறுத்தி ஊர்ச் சேதி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், கறையான் வேறு ஈசல் வேறு என்ற பேச்சே கிடையாது. எல்லாரும் ஒரே சனம். செம்மண் புற்றுதான் வீடு. பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் முதுகில் நாலு சிறகு, வருசம் முழுக்க. நினைத்த நேரம் பறக்கலாம், நினைத்த நேரம் திரும்பலாம்.

நினைத்த நேரம் என்றால், மழை இல்லாத நேரம்.

செம்மண் புற்றுக்கு மழைதான் எமன். உச்சியில் ஒரு சொட்டு உள்ளே இறங்கிவிட்டால் அடுத்த சொட்டுக்கு அதுவே வழி. உடனே ஓர் ஆள் நின்று எச்சிலில் மண்ணைக் குழைத்து அடைக்காவிட்டால் அறை அறையாகக் கரைந்து போகும். அதனால் அந்தச் சனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பமாக வெளியே கிளம்பினால், மழைக்கென்று ஓர் ஆள் வீட்டில் இருந்துகொள்ள வேண்டும்.

கண்மாய்க்கரைக் காத்தாயி குடும்பத்தில் அந்த ஓர் ஆள், அவளுடைய மூத்த மருமகள் சீனியம்மா.

சீனி வாக்கப்பட்டு வந்த வருசம் அடித்த முதல் மழையிலேயே புற்றின் உச்சி பிளந்துவிட்டது. ஆளாளுக்குக் கத்திக்கொண்டு ஓட, புதுப்பெண் ஒருத்திதான் ஏறி நின்று அடைத்தாள். மழை ஓய்ந்த பிறகு காத்தாயி அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி! இவ வச்ச மண்ணு கல்லு கணக்கா நிக்குதே!"

அன்றைக்குச் சீனிக்கு உச்சி குளிர்ந்து போனது. அதோடு மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் கரைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்த இலுப்பை மரத்துக்குப் போகலாம், ஆவாரம்பூ பார்க்கப் போகலாம் என்று எப்போது பேச்சு எழுந்தாலும் காத்தாயி வாயில் ஒரே சொல்தான். "சீனி இருக்கட்டும். அவ கைமண்ணுதான் நிக்கும்."

எல்லாரும் போவார்கள். பொழுது சாய வந்து சொல்வார்கள். ஆவாரம்பூ மஞ்சள் என்பாள் ஒருத்தி. தங்கம் என்பான் இன்னொருவன். "அட, நான் தூங்கிட்டேன் புள்ள, பாக்கலை" என்பான் அவள் புருசன் இருளப்பன். சீனிக்கு வெளி உலகம் இப்படி அடுத்தவர் வாயிலிருந்து விழுந்த துண்டுகள்தான். அவற்றை ஒட்டிப் பார்ப்பாள். ஒரு தரம் கூட ஒழுங்காக ஒட்டியதில்லை.

அந்த வருசம் அவள் மகள் சிட்டுக்குச் சிறகு முற்றியது. பிள்ளைக்குச் சிறகு முற்றினால் குடும்பமே கூடிப் போய் முதல் தரம் பறக்க விட வேண்டும். கட்டுச்சோறு கட்ட வேண்டும். மழைக்காலம் நன்றாக இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். தாமதித்தால் பறக்காத சிறகு முதுகோடு ஒட்டிப் போகும்.

சிட்டு ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். "அம்மா வராம நான் பறக்க மாட்டேன்."

"அம்மா வந்தா வீட்டை யாரு பாக்குறது கண்ணு?" என்றாள் காத்தாயி.

"நீ பாரு அப்பத்தா."

இருளப்பன் சிரித்துவிட்டான். தாய் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

"சரி, மழை வராத நாளாப் பாத்துக் கிளம்புவோம். அப்ப எல்லாருமே போகலாம்" என்றான்.

அன்றிலிருந்து சீனிக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வாசலுக்கும் உள்ளறைக்கும் நடந்தாள். பனைமட்டைத் தூளைப் பிசைந்து உருண்டை பிடித்துத் தேக்கிலையில் கட்டினாள். வெயில் நன்றாக ஏறிய ஒரு காலையில் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். காத்தாயி மீசையைத் தூக்கிக் காற்றை மோந்தாள்.

"ஈரவாடை அடிக்குதே. எதுக்கும் சீனி இருக்கட்டும்."

சிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பயணம் நின்றது. அன்று ஒரு பொட்டு மழை இல்லை.

அடுத்த தரம் தட்டான் தாழப் பறந்தது என்று நின்றது. அதற்கடுத்த தரம் எறும்பு முட்டை தூக்குகிறது என்றார்கள். இன்னொரு நாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. "இவ்வளவு வெளுப்பு ஆகாதே" என்றாள் காத்தாயி. கட்டுச்சோறு ஒவ்வொரு தரமும் பூஞ்சை பிடித்தது. சீனி புதிதாகப் பிசைந்தாள். படுத்தால் சிறகு தானாகப் படபடத்தது.

"என்னடி சத்தம்? கண்ணசர விட மாட்டியா?" என்று உள்ளறையிலிருந்து மாமியார் குரல் வரும்.

"நான் ஒண்ணும் பண்ணல அத்தை. அது தன்னால அடிக்குது."

சிட்டின் சிறகோரம் லேசாகச் சுருண்டிருப்பதை ஒரு நாள் பார்த்தாள். விரித்துவிடப் பார்த்தாள், பிள்ளை வலியில் முனகியது. அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் வாசல் வழியே நழுவி, பக்கத்துக் குட்டையில் இருந்த தவளையிடம் போனாள். மழை விசயத்தில் அந்தப் பக்கத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"அண்ணே, மழை வராத நாளு எதுன்னு சொல்லுங்க. குடும்பத்தோட வெளிய போகணும்."

தவளை தொண்டையை உப்பிக்கொண்டான். "மழை எப்ப வரும்னு கேளு, சொல்றேன். எப்ப வராதுன்னு என்கிட்ட எவனும் கேட்டதில்ல. அது எனக்கு எதுக்கு?"

"ஒரு நாளு கூடவா இல்ல?"

"மழைக்காலத்துல மேகத்தை நம்பி நான் வாக்குக் குடுக்க முடியுமா தாயீ? இப்ப கூட வருது. பொழுது சாயுறதுக்குள்ள ஒரு பாட்டம் கொட்டிட்டுத்தான் போகும்."

சீனி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"அண்ணே, கொட்டி முடிச்ச மேகம் உடனே திரும்பக் கொட்டுமா?"

"அதெப்படி? அதுவும் மூச்சு வாங்கணும்ல."

"மூச்சு வாங்க எம்புட்டு நேரமாகும்?"

தவளை அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கண்மாய்க்குப் போயி, பூப் பாத்து, சோறு தின்னுட்டு வர்ற நேரம் ஆகும்."

சீனி ஓடினாள். சிறகு இருந்ததே அவளுக்கு மறந்து போயிருந்தது.

சொன்னபடி மழை கொட்டியது. சீனி உச்சியில் நின்று அடைத்தாள், ஆனால் கண் வாசலில் இருந்தது. சத்தம் மட்டுப்பட்டது. கடைசிச் சொட்டு இலையிலிருந்து விழுந்ததுதான் தாமதம், சீனி உள்ளே பாய்ந்து, கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். "எல்லாரும் கிளம்புங்க!"

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வெளிய தண்ணி ஓடுது" என்றாள் காத்தாயி.

"ஓடட்டும் அத்தை. பெய்யுறதெல்லாம் பெஞ்சிருச்சு. புத்து இப்பத்தான் அடைச்சுக் கெடக்கு. வீட்டுல ஆளு வேண்டாத நேரம் இது ஒண்ணுதான். நாளைக்குன்னா மறுபடி மேகம் வரும், மறுபடி நீங்க மோந்து பாப்பீங்க."

காத்தாயி மோந்து பார்க்க மீசையைத் தூக்கினாள். அந்த இடைவெளியில் சிட்டு வாசலைத் தாண்டிவிட்டாள். பிள்ளை போனால் தகப்பன் நிற்பானா? தகப்பன் போனால் சித்தப்பன், சித்தி, மச்சான், மதினி என்று மொத்தச் சனமும் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு புகை மாதிரி மேலே எழும்பியது.

சிட்டின் சிறகு முதலில் விரியவில்லை. சீனி அடியிலிருந்து முட்டித் தூக்கினாள். சுருண்ட ஓரம் ஈரக்காற்றில் மெல்லப் பிரிந்தது. பிள்ளை ஒரு கோணல் வட்டம் போட்டுவிட்டு, "அம்மா, நான் பறக்கேன்!" என்று கூவியது.

கரிச்சான் குருவி ஒன்று குறுக்கே பாய்ந்து யாரையோ கொத்திக்கொண்டு போனது. ஓணான் வேலியில் வாயைத் திறந்து வைத்திருந்தான். என்றாலும் யாரும் திரும்பவில்லை. ஆவாரம்பூ மஞ்சளும் இல்லை, தங்கமும் இல்லை என்பதைச் சீனி பார்த்தாள். அது அவள் ஒட்டிப் பார்த்த எதைப் போலவும் இல்லை. இலுப்பை மரத்தில் இறங்கிக் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். முதல் உருண்டையைச் சிட்டுக்குக் கொடுத்து, இரண்டாவதைத் தன் வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

மேற்கே ஓர் உறுமல் கேட்டது.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். காத்தாயி மட்டும் சீனியைப் பார்த்தாள்.

"அடுத்த பாட்டம் வருது போல. பிள்ளை பறந்தாச்சு, பூவும் பாத்தாச்சு. நீ முன்னால போயிரு தாயீ. நாங்க சாப்பிட்டு வாறோம். உன் கைமண்ணுதான் நிக்கும்."

குரலில் கோபம் கூட இல்லை. வழக்கமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். சீனி புருசனைப் பார்த்தாள். அவன் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீனியின் சிறகு தன்னால் படபடத்தது. புற்றுக்குப் போகத்தான் எழும்புகிறது, சொன்னால் கேட்பதுதான் அதற்குப் பழக்கம். அந்தச் சத்தத்தை ஒரு கணம் கேட்டாள். பிறகு முதுகை மரப்பட்டையில் அழுத்தி, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினாள். ஒரு சிறகு ஒடிந்து விழுந்தது. இன்னொன்று. நாலும் விழுந்தன.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!"

"இனி எப்படி அத்தை வருவேன்? நான் நடந்து வந்து சேர்றதுக்குள்ள மழையே முடிஞ்சிரும்" என்றாள் சீனி. மூச்சு வாங்கியது. கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள்.

சிட்டு அம்மாவின் அருகில் வந்து அதே பட்டையில் முதுகைத் தேய்த்தாள். இருளப்பன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, "தள்ளு புள்ள, எனக்கும் எடம் விடு" என்றான்.

காத்தாயி தனக்கு வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். மழை பிடித்துக்கொண்டது. சீனி இல்லாததால் தானே உச்சியில் ஏறி அடைத்தாள். அவள் கைமண்ணும் நின்றது. அடைத்து அடைத்து, அங்கிருந்தவர்களின் சிறகெல்லாம் சுவரில் உரசித் தேய்ந்து போயிற்று. அவர்கள்தான் கறையான் ஆனார்கள். சீனி இலுப்பை மரத்தடியில், சிறகு விழுந்த இடத்திலேயே ஈர மண்ணைத் தோண்டிப் புது வீடு கட்டினாள். அங்கே பிறந்தவர்களில் சிலருக்கு மட்டும், மழைக்காலம் நெருங்கினால் முதுகு அரிக்கும், உட்கார முடியாது, நிற்க முடியாது, சிறகு முளைக்கும். அவர்கள்தான் ஈசல்.

அன்று முதல்தான் மழை ஓய்ந்த கையோடு ஈசல் கூட்டமாகக் கிளம்புகிறது. கரிச்சானும் ஓணானும் காத்திருப்பது தெரிந்தும் கிளம்புகிறது. தரையிறங்கிய உடனே சிறகை உதறிவிடுகிறது, யாராவது பேர் சொல்லித் திரும்பிப் போகச் சொல்வதற்குள்.