காலியாகத் திரும்பிய தூக்குச்சட்டி

வெகு காலத்துக்கு முன்னால், மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், ஏழுசுனை நாடு என்று ஒரு நாடு இருந்தது. ரணதீர ராஜா அதை ஆண்டுவந்தார். ராஜா நல்லவர்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து 'நன்றாக இருக்கிறது' என்ற வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அரண்மனைச் சமையல்காரி மரிக்கொழுந்து பத்து வருஷமாக அவருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்டாள். ராஜா சாப்பிடுவார், ஏப்பம் விடுவார், எழுந்து போய்விடுவார். அந்த ஏப்பத்தைத்தான் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வடக்கே ஒரு மலை. மலை உச்சியில் கொம்பேறியான் என்று ஒரு மந்திரவாதி. விரலைச் சொடுக்கினால் விருந்தே வந்து இறங்கும். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள், மந்திரம் இல்லாமல் கையால் ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அரிசியை ஊறவைத்து, ஆட்டி, வெல்லம் கரைத்து, தாடியெல்லாம் மாவாகி, சாயங்காலத்துக்குள் பதினொரு பணியாரம் சுட்டுவிட்டார். வாழ்நாளில் முதல் பணியாரம்! தான் ஒன்றுகூடத் தின்னாமல், பித்தளைத் தூக்குச்சட்டியில் அடுக்கி ராஜாவுக்கு அனுப்பிவைத்தார்.

ராஜா பதினொன்றையும் தின்றார். "வெல்லம் கம்மி" என்றார்.

பலகாரம் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது. இரண்டு வாழைப்பழம், இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். மரிக்கொழுந்தும் சர்க்கரை எடுக்கப் போனாள்.

"அரண்மனைச் சர்க்கரை அந்தத் தாடிக்காரனுக்கு எதுக்கு? சட்டியைக் கொடுத்து அனுப்பு" என்று ராஜா தடுத்துவிட்டார்.

சட்டி மலையேறிப் போனது. மந்திரவாதி மூடியைத் திறந்து பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். ஒரு சர்க்கரை மணிகூட விழவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மந்திரவாதிகள் அழமாட்டார்கள், சாபம் கொடுப்பார்கள்.

"வெறும் சட்டியா அனுப்பினீங்க? இனி உங்க நாட்டுல எந்தச் சட்டியிலயும், எந்தப் பானையிலயும், எந்தக் குடத்திலயும் எதுவும் நிக்காது! இந்தச் சட்டி நிரம்பித் திரும்பி வரட்டும், அப்ப சாபம் தீரும். தின்னவர் கையாலதான் வரணும்!" என்று கத்தி, சட்டியை விட்டெறிந்தார். அது பறந்து வந்து ராஜசபை நடுவில் தொப்பென்று விழுந்து, மூடியைத் திறந்து, அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தது. மந்திரவாதி வீட்டுச் சட்டி அல்லவா, பேசாமல் இருக்குமா?

மறுநாள் காலை மரிக்கொழுந்து உலைப்பானையில் தண்ணீர் ஊற்றினாள். மாயம்! அரிசியைப் போட்டாள். மாயம்! பருப்பைப் போட்டாள். அதுவும் மாயம்! நாடு முழுக்க இதே கூத்துதான். சனங்கள் சுனையில் குனிந்து தண்ணீர் குடித்தார்கள். ராஜாவும், கிரீடத்தை ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, வேட்டியை ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, எருமை மாதிரி குனிந்து குடித்தார். சாப்பிடுவதற்கு மரத்துப் பழமும் நெருப்பில் சுட்ட கிழங்கும்தான். மூன்று நாள் கிழங்கு தின்றதில் ராஜசபையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார முடியவில்லை.

மரிக்கொழுந்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் மகள் தும்பைக்கு ஐந்து வயது. குழந்தைக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. பழத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிழங்கைத் துப்பினாள். "அம்மா, ரசஞ்சோறு" என்று முனகினாள். கன்னம் நாளுக்கு நாள் ஒட்டிப்போனது. அரண்மனைக்கே பொங்கிப் போட்டவளால் பெற்ற பிள்ளைக்கு ஒரு கவளம் ரசஞ்சோறு கொடுக்க முடியவில்லை.

சபையில் சட்டியை நிரப்புகிற வேலை நடந்தது. ராஜா நவரத்தினங்களைக் கொட்டினார். மாயம்! "வேற?" என்றது சட்டி. மந்திரி, மந்திரவாதியைப் புகழ்ந்து ஆயிரம் பாட்டு எழுதிய ஓலைக்கட்டைப் போட்டார். மாயம்! "ஒரே இழுவை" என்றது சட்டி. சேனாதிபதி தன் மீசையில் பாதியை வெட்டிப் போட்டார். மாயம்! "இது எதுக்கு?" என்றது சட்டி. அது சேனாதிபதிக்கே தெரியவில்லை.

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது மரிக்கொழுந்து வந்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரே அழுக்கு. பழக்கதோஷம்! எடுத்துக்கொண்டு சுனைக்குப் போய், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

சட்டிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "கண்டவங்க கண்டதையும் என் வாயில போட்டாங்க. கழுவிவிடணும்னு ஒருத்தருக்கும் தோணல. நீ நல்லா இருப்ப தாயி. உனக்கு மட்டும் ரகசியம் சொல்றேன். யார் மேலயாவது மனசுல வன்மம் வெச்சிருக்கிற கை போட்டா, எனக்குள்ள எதுவும் நிக்காது."

"வன்மம் இல்லாத ஆளு இந்த நாட்டுல இருக்காங்களா?"

"தொட்டில் குழந்தைங்க இருக்கு. அதுங்களுக்குப் பொங்கத் தெரியாது."

"எனக்கு யார் மேலயும் ஒண்ணும் இல்ல" என்று மரிக்கொழுந்து முந்தானையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிப் போட்டாள். மாயம்!

"நல்லா யோசிச்சுப் பாரு."

"ஓரகத்தி சிட்டம்மா மேல கொஞ்சம்..."

"கொஞ்சமா?"

கொஞ்சமில்லை. சிட்டம்மா அவள் கொழுந்தனின் மனைவி, அடுத்த வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் மரிக்கொழுந்தின் பணியாரக்கல்லை இரவல் வாங்கிப் போனாள். மரிக்கொழுந்தின் அம்மா கொடுத்த இரும்புக்கல். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் பழகிய கல். மாவை ஊற்றினால் பணியாரம் தானே புரண்டு கொடுக்கும். திரும்பி வந்தபோது அது பளபளவென்று வெள்ளையாக மின்னியது. அடுத்து ஊற்றிய மாவு அத்தனையும் கல்லோடு ஒட்டிக்கொண்டது, சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பொறாமையில்தான் அவள் கல்லைக் கெடுத்தாள் என்று மரிக்கொழுந்து முடிவுகட்டினாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் முகம் பார்க்கவில்லை. சமைக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கோபம் புரியும்.

"சரி, மன்னிச்சாச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பிடி அரிசியைப் போட்டாள். ஒரு பிடி நின்றது, ஒரு பிடி மாயம்!

"பாதிதான் மன்னிச்சிருக்க" என்றது சட்டி.

வேறு வழியில்லை. தும்பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, மரிக்கொழுந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். கிழங்கு சுட்டுக்கொண்டிருந்த சிட்டம்மா பதறி எழுந்தாள்.

"அக்கா! வாங்கக்கா! புள்ள ஏன் இப்படி வாடிக் கெடக்கு?"

"அது இருக்கட்டும். என் கல்லை ஏண்டி அப்படிச் செஞ்ச?"

"எந்தக் கல்லு?"

"பணியாரக்கல்லு!"

சிட்டம்மாவின் முகம் மலர்ந்தது. "அதுவா! எங்க ஊர்ல மண்சட்டிதான்க்கா, இரும்புக்கல்லை நான் பார்த்ததே இல்ல. கன்னங்கரேல்னு இருந்துச்சா, புது ஆளை நம்பிக் கொடுத்தாங்களே, நன்றியா நாலு தேய்ப்புத் தேய்ச்சுக் கொடுப்போம்னு செங்கல் பொடி போட்டு மூணு நாள் தேய்ச்சேன். ரெண்டு நகம் பேந்துபோச்சு. எப்படி மின்னுச்சு, பார்த்தீங்கள்ல?" என்றவள் கொஞ்சம் தயங்கி, "அதுக்கப்புறம் ஏன்க்கா நீங்க பேசவே இல்ல?" என்று கேட்டாள்.

மரிக்கொழுந்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் அழுகையும் கூடவே வந்தது. நன்றியாகச் செய்ததை வன்மம் என்று நினைத்து மூன்று வருஷத்தைப் பாழாக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. சிட்டம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டி. நீதான் என்னை மன்னிக்கணும்" என்றாள். பழகிய கல்லை ஏன் தேய்க்கக் கூடாது என்று அப்புறம் சொன்னதும் சிட்டம்மா தலையில் அடித்துக்கொண்டது தனிக் கதை.

இருவரும் பசுவின் மடியிலிருந்து நேராக அந்தச் சட்டிக்குள்ளேயே பாலைக் கறந்து, அடுப்பில் ஏற்றினார்கள். "ஐயோ சுடுது! கொஞ்சம் விறகை இழு தாயி!" என்று சட்டி அலறியது. அதைக் காதில் வாங்காமல் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பால் நின்றது! அரிசி போட்டார்கள். நின்றது! வெல்லம் போட்டார்கள். நின்றது! சர்க்கரைப் பொங்கல் விளிம்பு வரை தளதளவென்று பொங்கி வந்தது. ஒரு வாய் எடுத்து ஊதித் தும்பைக்கு நீட்டினார்கள். மூன்று நாளாகப் பழமாகவே தின்ற குழந்தை, "இனிப்பு வேணாம், ரசஞ்சோறு" என்று அழுதது. மறுபேச்சில்லாமல் அவளைச் சிட்டம்மாவிடம் விட்டுவிட்டு மரிக்கொழுந்து அரண்மனைக்கு ஓடினாள்.

தின்றவர்தான் தூக்க வேண்டும் அல்லவா? ராஜா சட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். மரிக்கொழுந்து பின்னால் போனாள்.

"ஒரு நாட்டு ராஜா சோத்துச் சட்டி தூக்குறதா?" என்று முணுமுணுத்தார். கால் சட்டி மாயம்!

"நிஜமாவே வெல்லம் கம்மிதான்" என்றார். அரைச் சட்டி மாயம்!

"அந்தத் தாடிக்காரன்..." என்று ஆரம்பித்தார்.

"மகாராஜா!" என்று மரிக்கொழுந்து ஒரு சத்தம் போட்டாள். "என் புள்ள பட்டினி கெடக்குது. வாயை மூடிட்டு நடங்க!"

பத்து வருஷத்தில் அவள் ராஜாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ராஜா வாயை மூடிக்கொண்டார். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டியின் அடியில் ஒரு கைப்பிடிப் பொங்கல்தான் மிச்சம்.

கொம்பேறியான் எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார், ஆனால் குரல் உடைந்துவிட்டது. அவர் கையில் பணியாரம் சுட்ட கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ராஜா அதைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று கொப்புளம். அவர் தலை குனிந்தது.

"வெல்லம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார் ராஜா. "ரொம்ப நல்லா இருந்துச்சு. ராணிக்கு ஒண்ணுகூட வைக்காம நானே எல்லாத்தையும் தின்னுட்டேன். அந்த வெட்கத்துல குறை சொல்லிட்டேன். கையைச் சுட்டுக்கிட்டுச் செஞ்சு அனுப்பினீங்க, ரொம்ப நன்றி. என்னை மன்னிச்சிருங்க."

சட்டிக்குள் பொங்கல் மேலே மேலே ஏறி விளிம்பைத் தொட்டது. மந்திரவாதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நல்ல வார்த்தைக்காக ஊரையே பட்டினி போட்டுட்டேன். நீங்களும் என்னை மன்னிக்கணும்" என்று, முதல் வாயை ராஜாவுக்கே ஊட்டிவிட்டார். சாபம் தீர்ந்தது. மலைக்குக் கீழே ஊர் முழுக்கப் பானைகளில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

மரிக்கொழுந்து பரிசுக்குக் காத்திருக்கவில்லை. ஓடினாள். புளி கரைத்து, மிளகு தட்டி, ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். தும்பை ஒரு கவளம் வாங்கினாள், இரண்டு வாங்கினாள், மூன்றாவது கவளத்துக்கு அவளே வாயைத் திறந்து, "இன்னும்" என்றாள். அந்தத் தாய்க்கு வேறென்ன வேண்டும்?

ஆனாலும் ராஜா கூப்பிட்டுக் கேட்டார். "பாதி ராஜ்ஜியம் வேணுமா?"

"அதை யாரு பெருக்கிக் கோலம் போடுறது? சாப்பிட்டு எந்திரிக்கும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க, போதும். சிட்டம்மாவுக்கும் மடைப்பள்ளியில ஒரு வேலை கொடுங்க."

மறுநாள் மதியம் அரண்மனையே சாப்பாட்டுக் கூடத்தில் கூடிவிட்டது. ராஜா ரசஞ்சோற்றை ஒரு வாய் வைத்தார். கண் விரிந்தது. முகம் சிவந்தது. மூச்சு விடாமல் இலையில் இருந்ததை மொத்தமும் சாப்பிட்டு முடித்தார்.

"ரசம்..." என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "ரசம் நல்லா இருக்கு. வெச்சவங்களுக்கு நன்றி."

மடைப்பள்ளியில் ஒரே கும்மாளம். அப்புறம்தான் சிட்டம்மா ரசத்தை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். "அக்கா, நான் உப்பு போட்டேனே!"

"ஐயையோ, நானும் போட்டேன்டி!"

இருவரும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். ராஜா நான்காவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் தாகம் தீர்ந்தது. கதை சொன்ன எனக்குத்தான் நாக்கு வறண்டுவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். கொடுக்கிற மகராசி நன்றாக இருக்கட்டும்!