காலிப் பல்லக்கு

ராஜா காலத்தில் ஏது விமானம் என்று கேட்கிறவர்கள் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். வல்லபராஜா ஆண்ட தேசத்தில் விமானம் இருந்தது. ஒன்றா இரண்டா, மாட்டுவண்டியைவிட அதிகம். அரண்மனைக்குப் பின்னாலேயே ஓடுதளம்.

ஒருநாள் ராஜா மொட்டைமாடியில் உட்கார்ந்து பால் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். மேலே போன விமானம் விட்ட கரி நேராக வந்து கிண்ணத்தில் விழுந்தது. ஊர்க்காரர்கள் கண்ணிலும் மூக்கிலும் அந்தக் கரி எத்தனையோ வருஷமாக விழுகிறது. அதெல்லாம் ஒரு விஷயமா? இது ராஜாவின் பாயசம் ஆயிற்றே.

மறுநாளே சபையில் உத்தரவு பிறந்தது. "அடுத்த பௌர்ணமிக்குள் தேசத்துப் புகை பாதியாகக் குறைய வேண்டும். ஆனால் ஒரு விமானம்கூட நிற்கக் கூடாது."

சபையில் தாண்டவராயர் என்று ஒருவர் இருந்தார். வாய் சும்மா இருக்காது. அந்த வாய்க்காகத்தான் ராஜா அவரை வைத்திருந்தார்.

"மகாராஜா, அண்டை நாட்டுக்குப் போகிற விமானங்களில் பாதி காலியாகத்தான் போகின்றன. பணிப்பெண் காலி இருக்கைகளைக் கும்பிட்டு வரவேற்கிறாள். இடுப்பு வாரை எப்படி மாட்டுவது என்று அவற்றுக்கே பாடமும் நடத்துகிறாள். அந்த விமானங்களை நிறுத்தினால் போதுமே?"

"நிறுத்தினால் அங்கே நமக்கென்று இருக்கும் இறங்குமிடம் வேறொரு ராஜாவுக்குப் போய்விடும். தினமும் இறங்கினால்தான் இடம் நம்முடையது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை" என்றார் ராஜா. "இனி இந்தப் பேச்சை எடுப்பவருக்குச் சபையில் ஆசனம் கிடையாது."

தாண்டவராயர் உட்கார்ந்துவிட்டார். அமைச்சர் பூவராகர் எழுந்தார். இந்த மனிதருக்கு ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியும், வேறொன்றும் தெரியாது.

"மகாராஜா, மேலே விடும் புகையைக் கீழே சரிக்கட்டிவிடலாம். ஒரு விமானம் கிளம்பினால் ஒரு தெருவின் அடுப்புகளை அணைத்து அரக்கு முத்திரை வைப்போம். சட்டத்தையே அப்படிப் போட்டுவிடலாம். புகை விடுகிறவர் யாராக இருந்தாலும் சரி, எங்காவது ஓர் அடுப்பை அணைத்துவிட்டால் கணக்கு நேர்."

ராஜாவுக்குப் பரம திருப்தி. அன்று சாயங்காலமே சேவகர்கள் அரக்கும் கையுமாகத் தெருவில் இறங்கிவிட்டார்கள். முதலில் மாட்டியது இட்லிக் கடை செம்பாயியின் அடுப்பு. அவள் நேராகத் தாண்டவராயர் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க ஐயா, என் அடுப்புப் புகையா ராசா பாயசத்துல போயி விழுந்துச்சு? நான் இட்லி அவிச்சாத்தான் எங்க வூட்ல எல்லாருக்கும் சோறு. அந்தப் பிளேன்ல ஒருத்தரும் ஏறலையாமே. அப்புறம் போறது ஆருங்க, பேயா?"

தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. அவர் காலைப் பலகாரமும் அந்தக் கடையில்தான் என்பது வேறு விஷயம். "பேசினால் என் ஆசனம் போய்விடும் செம்பாயி. பேசாமல் ஏதாவது செய்து பார்க்கிறேன், போ" என்றார்.

மறுநாள் சபை கூடியது. "தாண்டவராயர் வருகிறார், பராக்" என்று கட்டியக்காரன் கத்தினான். முன்னால் நாலு பேர் ஈர வைக்கோல் சுற்றிய தீவட்டியோடு வந்தார்கள். பின்னால் ஆறு பேர் மூச்சிரைக்க ஒரு பல்லக்கைத் தூக்கி வந்து ஆசனத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். திரையை விலக்கினால் உள்ளே ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒருவன் பயபக்தியோடு விசிறினான். சபை முழுக்க ஒரே புகை.

அதற்கடுத்த நாளும் இதே கூத்து. ராஜாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அந்த ஆளைக் கூட்டி வாருங்கள்" என்றார்.

தாண்டவராயர் நடந்தே வந்தார்.

"என்ன ஐயா இது? நீர் வீட்டில் தூங்குகிறீர், உம் காலிப் பல்லக்கு வந்து என் மூக்கில் புகை விடுகிறது?"

"நான் வராவிட்டால் என் ஆசனம் பூவராகரின் மருமகனுக்குப் போய்விடும் மகாராஜா. பல்லக்கு தினமும் வந்து இறங்கினால் இடம் என்னுடையது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவின் முகம் சிவந்தது. "சரி, இந்தப் புகைக்கு என்ன பதில்?"

"அதைச் சட்டப்படி சரிக்கட்டிவிட்டேன். பல்லக்கு கிளம்பியதும் ஓர் அடுப்பை அணைத்து முத்திரை வைக்கச் சொன்னேன். யார் வீட்டு அடுப்பு என்று சேவகர்கள் கேட்டார்கள். எங்காவது என்றுதானே சட்டம்? கிட்டத்தில் இருந்தது அமைச்சர் வீடு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூவராகர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் மகாராஜா" என்றார் ஈனஸ்வரத்தில். "புகை விட்டது இவர், பட்டினி கிடப்பது நானா? இது என்ன நியாயம்?"

"எனக்கும் புரியவில்லை" என்றார் தாண்டவராயர். "சட்டம் நீங்கள் போட்டதுதானே? பாதிப் பட்டணம் இதே கேள்வியைத்தான் கேட்கிறது."

ராஜா பூவராகரைப் பார்த்தார், காலிப் பல்லக்கைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏறுவதற்கு ஆளே இல்லாத விமானத்துக்கு இறங்குவதற்கு மட்டும் இடம் எதற்கு? இறங்குமிடம் போனால் போகட்டும். காலி விமானம் இனி கிளம்பாது. தாண்டவராயரே, என்ன பரிசு வேண்டும்?"

"ஊரில் எல்லா அடுப்பையும் இப்போதே திறக்க வேண்டும் மகாராஜா. அமைச்சர் வீட்டு அடுப்பை மட்டும் நாளைக்குத் திறக்கலாம். இன்றைக்கு அவர் செம்பாயி கடையில் சாப்பிடட்டும்."

அப்படியே ஆயிற்று. அன்று செம்பாயி கடையில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. பூவராகருக்குப் பசி காதை அடைத்தது. ஆனாலும் அமைச்சர் போய் வரிசையில் நிற்பதாவது? தன் பல்லக்கைக் காலியாக அனுப்பி இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

பல்லக்கின் முறை வந்தது. செம்பாயி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். ஒரு வாழையிலையை எடுத்துத் தண்ணீர் தெளித்து மெத்தைமேல் மரியாதையாகப் போட்டாள். இட்லி வைக்கவில்லை.

"சாப்பிட்டாச்சுங்க" என்று பல்லக்குத் தூக்கிகளிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.