பெட்டி பிரிக்கிற நாலு பேரும் ஒரு பூஜ்யமும்

செய்யாறு தாண்டி ஒரு லோடு ஆட்டோ கம்பெனி இருந்தது. அங்கே இன்ஜின்கள் மரப்பெட்டியில் வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்து, இன்ஜினை எடுத்து வண்டி பூட்டும் லைனுக்குத் தள்ளிவிட நாலு பேர். மூத்தவர் ஏகாம்பரம். அடுத்தது தணிகாசலம், ஆரோக்கியம், சின்னப்பையன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். கூடவும் செய்யமாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். இப்படி ஆட்கள் கிடைப்பது கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். கிடைத்த பிறகு அதைவிடக் கஷ்டம் என்று மேனேஜர் புனிதவதி மட்டும் சொல்வார்.

ஒரு புதன்கிழமை காலையில் அவர் நாலு பேரையும் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ்லருந்து ஆடிட்டர் வர்றார். கழிவைக் குறைக்கணும்னு உத்தரவு. உங்க பிரிவுலதான் உடைஞ்ச பலகை, தெர்மாகோல், பிளாஸ்டிக்னு மலையாக் குவியுது. அவர் வரும்போது கழிவு எடைமேடை பூஜ்யம் காட்டணும். கேட்டைத் தாண்டியும் கழிவு எதுவும் வெளிய போகக் கூடாது. இல்லன்னா இந்த வேலையைக் காண்ட்ராக்டுக்குக் கொடுத்துட்டு, உங்களை ஆளுக்கொரு ஊர் ஃபேக்டரிக்கு மாத்திடுவாங்க."

நாலு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குத் தணிகாசலம் வீட்டிலிருந்து சோறு வரும். ஆரோக்கியம் வீட்டிலிருந்து குழம்பு, சின்னப்பையன் வீட்டிலிருந்து பொரியல். ஏகாம்பரம் தண்ணீர் கொண்டுவருவார். ஆளுக்கொரு ஊர் என்றால் ஆரோக்கியம் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்து வெறும் குழம்பைக் குடிக்க வேண்டும். ஏகாம்பரத்தின் நிலைமையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"கழிவு எங்கருந்து வருது?" என்றார் ஏகாம்பரம்.

"பெட்டியைப் பிரிக்கிறதால வருது அண்ணே" என்றான் சின்னப்பையன்.

"அப்ப பிரிச்ச கையோட மூடிடணும். பிரிச்சுப் போட்டாத்தான் கழிவு. மூடி வெச்சா அது வந்த சரக்கு."

அப்படியே செய்தார்கள். இன்ஜினை எடுத்தார்கள். தெர்மாகோலையும் பிளாஸ்டிக்கையும் உள்ளே திணித்து ஆணி அடித்து, எடுத்த இடத்திலேயே பெட்டியை அடுக்கினார்கள். மதியத்துக்குள் இன்ஜின் உள்ள பெட்டி எது, இல்லாத பெட்டி எது என்று தெரியாமல் போனது. பிரித்துப் பார்த்தார்கள். இல்லை. மூடினார்கள். மறுபடி அதையே பிரித்தார்கள். ஒரு பெட்டியை எத்தனை தடவை பிரித்தோம் என்று ஆரோக்கியத்துக்கே மறந்துவிட்டது. "எப்பப் பாத்தாலும் இதுல இருக்கிறதில்ல" என்று அதன்மேல் கோபித்துக்கொண்டார்.

லைனிலிருந்து ஒருவர் வந்து எட்டிப்பார்த்தார். "ஏன்யா, தூக்கிப் பாத்தாத் தெரியாதா?"

"எங்க வேலை பிரிக்கிறது" என்றார் தணிகாசலம். "தூக்குறவங்க லாரிகிட்ட இருப்பாங்க, அங்க போய்க் கேளுங்க."

மறுநாளும் இதே கதை. லைனில் ஆட்டோக்கள் இன்ஜின் இல்லாமல் வரிசையாக நின்றன. ஆனால் கழிவுத் தொட்டி துடைத்துவைத்தது போல் காலி. நாலு பேரும் தொட்டி நிற்கும் எடைமேடையைப் போய்ப் பார்த்தார்கள். இருபத்தெட்டு கிலோ என்று காட்டியது.

"உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றான் சின்னப்பையன்.

"இரும்புத் தொட்டி. அதோட எடைடா" என்றார் ஏகாம்பரம். "மேடையில படாமத் தூக்கிப் பிடிங்க."

நாலு பேரும் மேடைமேல் ஏறி, மூலைக்கு ஒருவராகத் தொட்டியைத் தூக்கினார்கள். மேடை இருநூற்று எண்பது காட்டியது.

"தூக்கத் தூக்கக் கூடுது அண்ணே."

"தூக்கிக் கீழ போடு."

தொட்டியைத் தரையில் தள்ளினார்கள். அப்போதும் இருநூற்றைம்பதுக்கு மேல் காட்டியது.

"தொட்டி இல்ல. பலகை இல்ல" என்றார் ஆரோக்கியம் மெதுவாக. "மேல இருக்கிறது நாமதான்."

"அவசரப்பட்டு எதையும் சொல்லக் கூடாது" என்றார் ஏகாம்பரம். "ஒவ்வொருத்தரா இறங்குங்க, பாப்போம்."

ஆரோக்கியம் இறங்கினார். எண் குறைந்தது. தணிகாசலம் இறங்கினார். இன்னும் குறைந்தது. சின்னப்பையன் இறங்கி, கடைசியில் ஏகாம்பரமும் இறங்கியபோது மேடை பூஜ்யம் காட்டியது.

இந்த இடத்தில் அவர்கள் எங்கே தவறினார்கள் என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். மேடை பொய் சொல்லவில்லை. நான் ஏறி நின்றிருந்தாலும் அது பூஜ்யம் காட்டியிருக்காது. மேற்கொண்டு யோசிக்காமல் நிறுத்திக்கொண்டேன்.

"இத்தனை வருஷமா நம்மளைத் தண்டம்னு வீட்டுல சொன்னதை நாமதான் நம்பல" என்றார் தணிகாசலம்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தது. நாலு பேரும் கேட்டுக்கு உள்பக்கமே நின்றார்கள்.

"கிளம்புங்கப்பா" என்றார் காவலர் துரைக்கண்ணு.

"நாங்க கழிவு. எங்களை வெளிய விட்டா உனக்கு வேலை போயிடும்" என்றார் ஏகாம்பரம்.

துரைக்கண்ணு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் அந்த உத்தரவு வந்திருந்தது. தடுப்புக் கம்பை இறக்கிவிட்டு மேடத்துக்குப் போன் செய்தார்.

லைன் நின்ற கவலையில் இருந்த புனிதவதி தலைவலித் தைலத்தோடு வந்தார். "வீட்டுக்குப் போங்க."

"போறோம் மேடம். இந்த கேட் வழியா நாங்க என்னன்னு போறது?"

"தினம் இந்த வழியாத்தான் ஆட்டோ போகுது. அது மாதிரி போய்த் தொலைங்க."

அவர் போய்விட்டார். நாலு பேரும் நேராகக் கடைசிச் சோதனைப் பிரிவுக்குப் போனார்கள். அன்று ஒரு வண்டிகூட வராமல் அங்கே சோதனை செய்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் உத்தரவு என்றதும் எழுந்தார். தண்ணீர் பீய்ச்சி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். சின்னப்பையனுக்கு முதலில் சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அடித்ததும் போதும் என்றார். ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கரை நெற்றியில் ஒட்டினார். ஒருவர் பின்னால் ஒருவராக கேட்டைத் தாண்டினார்கள். துரைக்கண்ணு விறைப்பாக நின்று வழிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அதே துரைக்கண்ணு கம்பைத் தூக்கவில்லை.

"வெளிய போன வண்டி உள்ள வராது. சர்வீஸுக்குன்னா வரலாம்."

"சர்வீஸுக்குன்னே வெச்சுக்கோ."

"முதல் சர்வீஸ் ஆயிரம் கிலோமீட்டர்ல. எவ்வளவு ஓடியிருக்கீங்க?"

ஏகாம்பரம் யோசித்தார். "வீட்டுக்குப் போய்ட்டு வந்தது. அப்புறம் ராத்திரி வெத்தலை வாங்கக் கடைக்கு."

"பத்தாது. ஓடிட்டு வாங்க."

கம்பெனி மதில்சுவரைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். முன்னால் ஏகாம்பரம் ஹாரன் அடித்துக்கொண்டு, பின்னால் மற்ற மூவர். சாப்பாட்டுப் பைகளும் கூடவே ஓடின.

பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். பெட்டி பிரிக்கும் பிரிவில் பலகை இல்லை, தெர்மாகோல் இல்லை, ஒரு ஆணி இல்லை. ஆளும் இல்லை. எடைமேடை பூஜ்யம் காட்டியது. மேடையைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் பூஜ்யம். அன்றைக்கு ஆட்டோவும் ஒன்றும் தயாராகவில்லை என்பதை அவர் கேட்கவில்லை. அது அவருடைய ஆய்வில் வராது. இந்தப் பிரிவை இப்படியே வைத்திருங்கள், காண்ட்ராக்ட் வேண்டாம், யாரையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

புனிதவதி கேட்டுக்கு வெளியே ஓடிவந்தார். மதில் மூலையில் வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"ஏகாம்பரம், உங்க பிரிவு பொழச்சுது. யாரும் எங்கயும் போக வேணாம். போதும், நில்லுங்க."

நாலு முகங்களிலும் வேர்வையோடு சந்தோஷம் தெரிந்தது. ஆனால் யாரும் நிற்கவில்லை.

"நிக்கச் சொல்றேன்ல?"

ஏகாம்பரம் மூச்சிரைக்க அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே சொன்னார்: "எங்களுக்கும் நிக்கணும்னுதான் மேடம் இருக்கு. பிரேக் போட டிரைவரை அனுப்புங்க."