கறுப்பு லேண்ட்மாஸ்டர்

மலைமேல் ஒரு சிறிய ஆசிரமம். அதன் குரு அருள்வதி அம்மா. அவருடைய ஜீப்பை ஓட்டிய சீடர் மாசிலாமணிக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல்.

சாலையில் பழைய கார் எது எதிர்ப்பட்டாலும் மாசிலாமணியின் தலை தானாகத் திரும்பும். மாரிஸ் மைனரோ, பழைய பியட்டோ, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் பிளிமத்தோ, தூரத்திலேயே பெயர் சொல்லிவிடுவார். கார்ப் பைத்தியம் என்று மற்றச் சீடர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். அவர் பார்ப்பது நம்பர் பலகையைத்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஒரு பிற்பகல், அம்மாவும் அவரும் அடிவாரத்துச் சந்தையிலிருந்து மலையேறிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் கறுப்பாக ஒரு கார் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி பிரேக்கை மிதித்தார். ஜீப் குலுங்கி நின்றது.

"என்னாச்சு?"

"லேண்ட்மாஸ்டர், அம்மா." முன்னால் போன காரைக் காட்டினார். "கறுப்பு."

அவர் என்ஜினை அணைத்தார்.

"எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. அப்பாவோட கறுப்பு லேண்ட்மாஸ்டரை எடுத்துட்டுப் போனேன். செங்காட்டுக்குப் பிரியுற விலக்குல சைக்கிள்ல வந்த ஒருத்தரை இடிச்சுட்டேன். கண்ணாடியில பார்த்தேன். ரோட்டுல கிடந்தார். கை அசைஞ்சுது. நான் நிறுத்தலை."

"அப்புறம்?"

"ஒரே வாரத்துல அப்பா காரை வித்துட்டார். வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டார். முப்பத்துமூணு வருஷமாச்சு. எவனாவது அதை ஓட்டிக்கிட்டு வந்து என் முன்னாடி நிறுத்திடுவானோன்னு பயம். பழைய காரைப் பார்க்கவும் முடியல. பார்க்காமயும் இருக்க முடியல. இந்தப் பயம் எப்போம்மா போகும்?"

"வண்டியை எடுங்க. நம்பரைப் பார்த்துடலாம்."

"வேண்டாம்மா."

"எடுங்க."

இரண்டு வளைவு தாண்டியதும் அந்தக் கார் ஓரமாக நின்றிருந்தது. பானெட் திறந்து ஆவி பறந்தது. லுங்கி கட்டிய ஒருவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி இறங்கினார். பின்பக்கம் போய், சேறு அப்பிய பலகையைத் துண்டால் துடைத்தார்.

வேறு நம்பர். லேண்ட்மாஸ்டரே இல்லை, அதே சாயலில் உள்ள பழைய அம்பாசிடர். பெயர் தப்பாத அந்தக் கண் அன்று தப்பியிருந்தது.

"இது இல்லம்மா! வேற வண்டி!" அவர் சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"பயம் போச்சா?"

கீழ் வளைவில் ஏதோ ஒரு ஹாரன் ஒலித்தது. அவர் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

"முப்பத்துமூணு வருஷமா வண்டியைத் தேடியிருக்கீங்க," என்றார் அம்மா. "அந்த ஆளைத் தேடினீங்களா?"

அவர் கையிலிருந்த சேற்றுத் துண்டை மடித்தார்.

"பேர்கூடத் தெரியாதேம்மா. இருக்காரோ, அன்னைக்கே போயிட்டாரோ. அவர் வீட்டு ஆளுங்க முன்னாடி நான் எப்படிப் போய் நிப்பேன்?"

அம்மா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"நானும் கூட வரேன். வண்டியைக் கீழே திருப்புங்க, செங்காட்டுக்கு."