சராசரி அசையாத நாள்

பங்குச் சந்தையில் லட்சக்கணக்கானோர் வாங்கி விற்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கூட்டம் மொத்தமாக எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பார்த்துத் தாங்களும் சாய்கிறார்கள். அந்தச் சாய்வுக்குக் கணக்கு எழுதுவதுதான் பேராசிரியர் உமையாளின் வேலை. திடீரென ஒருவர் தலையில் இடி விழுந்தால், அதற்கும் அந்தக் கணக்கில் ஒரு குறி உண்டு. தாவல் என்பார்கள். இடி விழுந்தவரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்.

உமையாளின் மாணவர் தணிகாசலத்துக்கு ஆசிரியரைவிட நரை அதிகம். வங்கி வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். மனைவி கோமளா இறந்தபின் ஒரு மாதம் வரவில்லை. வந்ததும் தன் ஆய்வறைச் சாவியை உமையாளின் மேசைமேல் வைத்தார்.

படிப்பை விட்டுவிடுவதாகச் சொன்னார். இருவரும் சேர்ந்து எழுதிய நிரூபணம் கரும்பலகையில் இன்னும் அழியாமல் இருந்தது. காரியம் முடிந்து உறவினர் எல்லாரும் கிளம்பிய அன்று, கோமளாவின் சாவை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தாராம். வேறு யாருக்கும் அப்படிச் செய்யத் தோன்றாது.

"என்ன வந்துது?" என்றார் உமையாள்.

"பூஜ்யம், மேடம். கூட்டம் பெருகப் பெருக ஒருத்தரோட தாவல் சராசரியில கரைஞ்சிடுது. அவ போன அன்னைக்குச் சந்தையும் அசையல. கணக்கு சரியாத்தான் இருக்கு. என்னாலதான் அந்த வீட்டுல இருக்க முடியல."

ஆறுதல் சொல்லி உமையாளுக்குப் பழக்கமில்லை. எழுந்துபோய் நிரூபணத்தின் முதல் வரியை மட்டும் உள்ளங்கையால் அழித்தார்.

"இப்ப படிங்க."

தணிகாசலம் இரண்டாம் வரியிலிருந்து படித்தார். 'அந்த ஆளின் இழப்பு' என்று தொடங்கியது. எந்த ஆள் என்று மேலே பார்த்தார். அங்கே உள்ளங்கையின் தடம்தான் இருந்தது. கீழே கூட்டம் இருந்தது, சராசரி இருந்தது, பூஜ்யமும் இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை.

"முதல் வரி இல்லாம எதுவும் வரல, மேடம்."

"என்ன வரி அது?"

எத்தனையோ முறை எழுதிய வரிதான். அந்தத் தடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம்."

உமையாள் சுண்ணக்கட்டியையும் சாவியையும் அவர் கையில் வைத்தார்.

"அங்க கோமளா பேரை எழுதுங்க. அப்புறம் கீழ வருவோம்."