நூல் போய் முட்டிய சுவர்

ஒரு காலத்திலே செங்குன்ற நாட்டைக் கோளரி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு. அந்தக் காதின் பக்கத்தை விட்டு நகராமல் நின்றவன் அரண்மனை அதிகாரி கொண்டல்ராயன். அப்புறம் நாடு எப்படி இருந்திருக்கும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைக்குப் பக்கத்தில் சூரியனுக்கு ஒரு கோயில் கட்ட ராஜா ஆசைப்பட்டார். "பகலும் இரவும் சமமாகிற ஐப்பசி விஷு அன்று உதிக்கிற கதிர் வாசல் வழியே நுழைந்து நேரே சாமி முகத்தில் விழ வேண்டும்" என்று உத்தரவு. வேலையை ஏற்றுக்கொண்டவள் பேராயி, கல்தச்சர்களின் தலைவி. குச்சி நட்டு, சுற்றி வட்டம் போட்டு, காலை நிழலும் மாலை நிழலும் வட்டத்தைத் தொட்ட இடங்களை நூலால் இணைத்துக் கிழக்கு மேற்கு குறித்தாள். ஆறு மாதத்தில் சுவர் ஆள் உயரம் எழும்பிவிட்டது.

கொண்டல்ராயனுக்குப் பொறுக்கவில்லை. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தரப் பார்த்தவன் அவன். ஒருநாள் ராஜாவை உப்பரிகைக்கு அழைத்துப் போனான்.

"மாமன்னா, கீழே பாருங்கள். அரண்மனைச் சுவருக்கும் கோயில் சுவருக்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறதே, இந்த முனையில் பத்தடி. அந்த முனையில் முப்பதடி! கோணல் வேலை. ஊரே சிரிக்கும்."

ராஜா பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற கோணல்தான். வந்ததே கோபம்! பேராயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"என் கொள்ளுப்பாட்டனார் கட்டிய அரண்மனைதான் இந்த நாட்டுக்கு நேர். அதற்கு ஒட்டாத சுவரை இடி. கோணலாக நூல் பிடித்த கைக்குக் கட்டைவிரல் எதற்கு? வருகிற விஷு நல்ல நாள்; அது முடிந்ததும் இடிப்பதும் வெட்டுவதும் நடக்கட்டும்."

பேராயி யோசித்தாள். கட்டைவிரல் போனால் உளி பிடிக்க முடியாது. உளி இல்லாமல் அவள் யார்? 'சுவர் சரிதான், அரண்மனைதான் திரும்பி நிற்கிறது' என்று சொல்லிவிடலாம். சொன்னால் விரலோடு தலையும் போகும். அரண்மனைக்கு நேராகச் சுவரைத் திருப்பினாலோ வெயில் உள்ளே வராது; அதற்கும் அவளைத்தான் பிடிப்பார்கள்.

ஆனால் இன்னொன்று அவள் மனதை முதல் நாளிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. அரண்மனையைக் கட்டியவர்கள் ஒரு கல்லைக்கூடப் பிசகாமல் வைத்த கெட்டிக்காரர்கள். கை தவறினால் ஒரு விரல்கடை தவறும், இவ்வளவா தவறும்? இது தவறியது இல்லை. வேண்டுமென்றே திருப்பியது. எதைப் பார்த்துத் திருப்பினார்கள் என்று ஒரு மாலை சுற்றி நடந்து பார்த்தும் வைத்திருந்தாள்.

"மகாராஜா, விஷுவுக்கு மூன்று நாள் இருக்கிறது. அதிகாரி ஐயா கண் கூர்மையான கண். என் கோயிலுக்குப் பக்கத்தில் அவரே அரண்மனைக்கு நேராக ஒரு மூங்கில் பந்தல் போடட்டும். என் கோயில் அளவேதான். சாமி இன்னும் வரவில்லை, சாமி இடத்தில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்."

சாமி இடம் என்றதும் ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொண்டல்ராயனும் மார்தட்டிக்கொண்டு பந்தல் போட்டான், தட்டி கட்டினான்.

விஷு அன்று விடிந்தது. ராஜா பந்தலுக்குள் மணை போட்டு உட்கார்ந்தார். சூரியன் உதித்தான். வெயில் வாசலில் நுழைந்து பக்கத்துத் தட்டியில் போய் விழுந்தது.

"மாமன்னா, கொஞ்சம் இடப்பக்கம் நகருங்கள். இன்னும் கொஞ்சம்... இன்னும்..." என்றான் கொண்டல்ராயன்.

நகர்ந்து நகர்ந்து ராஜா மூலையில் ஒடுங்கிவிட்டார். இடது காதில் மட்டும் வெயில்!

"போதுமய்யா, காது காய்ந்தால் சாமி ஆகிவிட முடியுமா?" என்று எழுந்து, விறுவிறுவென்று பேராயியின் சுவர்களுக்குள் நடந்து போய் நடுவில் உட்கார்ந்தார். முகம் முழுக்க வெயில். கண்ணை மூடிக்கொண்டார்.

கொண்டல்ராயன் விடுவானா? "மாமன்னா! அப்படியானால் அரண்மனை கோணல் என்கிறாள் இவள்! உங்கள் முன்னோரைக் குருடர் என்கிறாள்!"

ராஜா கண்ணைத் திறந்து பேராயியை முறைத்தார்.

"இல்லை மகாராஜா," என்றாள் பேராயி. "அரண்மனையும் நேர்தான். வீணை தம்புராவின் சுருதியோடு சேருகிறது. தூக்குக் குண்டு பூமியைப் பார்த்துத் தொங்குகிறது. என் கோயில் சூரியனைப் பார்க்கிறது. எது எதோடு சேர வேண்டும் என்று முதலில் கேட்கணும். உங்கள் கொள்ளுப்பாட்டனார் அரண்மனையை எதோடு சேர்த்தார் என்று காட்டட்டுமா? சிம்மாசனத்திலிருந்து ஒரு நூல் பிடிக்க அனுமதி கொடுங்கள்."

ராஜா தலையசைத்தார். நூலின் ஒரு முனை சிம்மாசனத்தில். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பேராயி நடந்தாள். சபை வாசல் தாண்டி, முற்றம் தாண்டி, கோட்டைக் கதவின் நட்டநடுவே நூல் போனது. ராஜாவும் கூடவே போனார். வெளியே நாற்பது அடி தள்ளி ஒரு சுவரில் நூல் முட்டியது.

"இது யார் வீடு?"

சுவருக்கு அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது.

"அதிகாரி ஐயாவின் மாட்டுத் தொழுவம், மகாராஜா. அதற்குப் பின்னால் சந்தைத் தெரு. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெரு நேரே உங்கள் சிம்மாசனத்துக்கு வந்தது. தெருவில் நிற்கிறவனை ராஜா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அதற்காகத் திருப்பிய அரண்மனை இது. இப்போது குறை சொல்ல வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு அதிகாரி வீட்டு வாசல் வழியாக வர வேண்டும். அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்."

கொண்டல்ராயன் மண்ணைப் பார்த்து நின்றான். ராஜா அவனைத் திட்டக்கூட இல்லை. சுவரில் கையை வைத்தபடி நின்றார்.

"பத்து வருஷமாக ஒருத்தரும் வரவில்லை," என்றார் மெல்ல. "என் நாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்றல்லவா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!"

தொழுவத்தை இடிக்கிற வேலை கொண்டல்ராயனுக்கே கொடுக்கப்பட்டது, சொந்தக் கையால், கூலி இல்லாமல். பேராயிக்கு நாட்டின் தலைமைத் தச்சர் பட்டமும் பத்து விரலுக்கும் பத்துப் பொன் மோதிரமும் கிடைத்தன.

சுவர் விழுந்த மறுநாள் ராஜா சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்து நேரே பார்த்தார். தெரு நெடுக ஜனங்கள் குறை சொல்ல நின்றார்கள். அவர் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை.